ஸ்டியரிங்கில் இருந்த பள்ளம்

என் வீட்டுக்காரருக்கு அளவு தெரியாது. சாப்பாட்டில் இல்லை, பேச்சில் இல்லை, வேலையில்தான். கல்யாணமான புதிதில், வாசல் கதவு தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறது, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் கதவையே காணோம். கழற்றி, இழைத்து, வார்னிஷ் அடித்துக் கொல்லையில் காயப்போட்டிருந்தார். வார்னிஷ் காயும்வரை வாசலில் என் கல்யாணச் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினோம். இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயர் ஞானதுரை. கீழப்பாவூர்க்காரர். இளவட்டத்தில் தென்காசியில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் சேர்ந்தார். அங்கே பாடி வேலைக்கு ஆளிருந்தது, பெயின்டுக்கு ஆளிருந்தது, ஸ்டியரிங்கைத் தொட மட்டும் ஆளில்லை. நேரத்தைத் தின்கிற வேலை, பேரும் கிடைக்காது என்று ஆளாளுக்குத் தள்ளிவிட்டது இவர் மடியில் வந்து விழுந்தது. இப்போது மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டின் மேலேயே, எங்களுக்குச் சொந்தப் பட்டறை. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்சலில் போடுகிறார்கள். வெடித்ததை இவர் அடைப்பார், உதிர்ந்ததை வார்ப்பார், மர வளையம் கேட்டால் மரத்தில் கடைந்து கொடுப்பார். தோலுறை தைப்பது நான். அதற்கு முன்னால் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் எவ்வளவோ மேல், கை இறுக்குது, கழுத்து இறங்குது என்று சண்டைக்கு வராது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மனுஷன் கெட்டவர் இல்லை என்று முதலில் தெரிய வேண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு நானும் மறந்திருப்பேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்தார் பாருங்கள், அதுதான் இன்னமும் ஆறவில்லை.

சாரல் விழ ஆரம்பித்திருந்த சமயம். முத்துச்செல்வி என்று ஒரு பெண் சாக்குப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வந்தாள். ஐந்தருவி ரோட்டில் வீடு. புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். சீசனுக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜுகளுக்கு இட்லி, இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறாள். பையில் இருந்தது பழைய அம்பாசடரின் ஸ்டியரிங்.

"எங்கப்பா வண்டி அண்ணே. அய்யாக்குட்டின்னா குத்தாலத்துல டாக்சிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். இப்பம் அவருக்குத்தான் யாரையும் தெரியல. எம் பேரே சில நேரம் வர மாட்டேங்குது. ஆனா காலையில ஷெட்டுல போயி வண்டில ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சிட்டாருன்னா, ஒரு தொந்தரவும் கெடையாது. பேட்டரியக் கழத்திட்டோம், வண்டி ஓடாது. அவரு பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருப்பாரு. அந்த நேரத்துல நான் என் அடுப்பு வேலய முடிச்சிருவேன்."

ஸ்டியரிங் வளையத்தில், நடுக்கம்பி வந்து சேர்கிற இடத்தில் பெரிய வெடிப்பு. அது அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டதாம்.

"இந்த வெடிப்ப மட்டும் அடச்சுத் தாங்க அண்ணே. வேற எதையும் தொட வேண்டாம். ஷெட்டு ஒழுகுதுன்னு சொல்லிப் பூட்டி வச்சிருக்கேன். ரொம்ப நாளு தாங்க மாட்டாரு."

இவர் தலையை ஆட்டினார். நான் தையல் மெஷினுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வேற எதையும் தொட வேண்டாம் என்று அவள் சொன்னது என் காதிலும் தெளிவாக விழுந்தது.

அவள் போனதும் ஸ்டியரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி ஜாய், இங்கன வா. இதப் பாரேன்."

வளையத்தின் வலது பக்கம் ஒரு பள்ளம். அந்தக் காலத்து அம்பாசடரில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இடது பக்கம் இருக்கும். இடது கை கியருக்குப் போய்ப் போய் வரும், வலது கை பிடித்த இடத்தைவிட்டு நகராது. அப்படி நகராமல் பிடித்த கையின் பெருவிரல் அழுந்திய இடம் அது. அடியில் நாலு விரலுக்கும் நாலு தடம் தேய்ந்து கிடந்தது. இவர் தன் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தார், பள்ளம் மிச்சம் இருந்தது.

"யம்மா, என்ன புடிட்டீ இது!" என்றார். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அந்த ஆச்சரியத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் நான் தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் அந்தப் பள்ளத்தில் வெடிப்பு அடைக்கிற புட்டிப் பசையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"இந்தாருங்க, அந்தப் பொண்ணு வெடிப்ப மட்டும்தான சொன்னா?"

"சும்மா கெட. வெடிப்ப மட்டும் அடச்சா அந்த இடம் மட்டும் பளிச்சின்னு இருக்கும், மத்ததெல்லாம் தேஞ்சு போயிக் கெடக்கும். எங்கையில வந்த சாமான் அப்படியா போவும்? அவ கூச்சப்பட்டுக்கிட்டுக் கேக்கல. நம்ம செஞ்சு குடுத்தா சந்தோசப்படுவா."

இதற்கு மேல் யார் பேசுவது? வெடிப்பை அறுத்து அகலமாக்கி அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தண்ணீர் விட்டுத் தேய்த்தார், கறுப்பு அடித்து மெருகு ஏற்றினார். வளையம் முழுக்க ஒரே கனம், ஒரே வழவழப்பு. கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்குக்கூட அப்படி இருந்திருக்காது. போனில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டிவிட இவரே போனார். குற்றாலத்தில் அன்றைக்கு நல்ல சாரல், நானும் கூடப் போனேன். முத்துச்செல்வி ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணே, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. எனக்குக் கூடக் கொஞ்சம் பெருமைதான்.

அய்யாக்குட்டி அண்ணாச்சியைக் கூட்டி வந்தாள். ஒரு காலத்தில் நல்ல ஆகிருதியாக இருந்திருப்பார் போல, இப்போது சட்டை தொளதொளவென்று தொங்கியது. நேரே போய்க் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தார். வலது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். அந்தக் கை கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் கீழே வந்தது, மறுபடி மேலே போனது. பெருவிரல் எதையோ தடவித் தடவித் தேடியது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

அண்ணாச்சி கையை எடுத்துவிட்டு இறங்கினார். "இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிப்பா."

"யார்ட்டட்டி கத வுடுத? எவன் வண்டியயோ கொண்டாந்து என் ஷெட்டுல வுட்டுருக்க. என் வண்டிய வித்துட்டியா? வித்துத் தின்னுட்டியா?"

நம்பர் பிளேட்டைக் காட்டினாள். டேஷ்போர்டில் அவரே ஒட்டிய சாமி படத்தைக் காட்டினாள். எதையும் அவர் பார்க்கவில்லை. மழையில் இறங்கி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். முத்துச்செல்வி எங்களைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். "வேலயில ஒரு கொறையும் இல்ல அண்ணே. அவரு புத்திதான் அப்படி. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

மேலகரம் வந்து வண்டியை நிறுத்தியபிறகு, "அத நான் அடச்சிருக்கப்படாது ஜாய்," என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. "சொன்னேன்லா? அப்பமே சொன்னேன்லா? பெறவு ஏன் அவட்ட வாயத் தொறக்கல?" என்று ரோட்டிலேயே கத்தினேன்.

அதன்பிறகு முத்துச்செல்வியிடமிருந்து போன் வரும்போதெல்லாம் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிடும். அப்பா காலையில் எழுந்ததும் வண்டியைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். ஒரு நாள் டாக்சி ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு காராகக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு டிரைவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டானாம், முழங்கையில் சிராய்ப்பு. இன்னொரு நாள் செங்கோட்டை ரோட்டில் லாரிக்குக் குறுக்கே போயிருக்கிறார். அடுப்பில் இட்லியை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. ஷெட்டில் கட்டியா வைக்க முடியும், பெத்த அப்பனை என்று அழுதாள். அழுதுமுடித்து, "ஒங்ககிட்ட என்னத்துக்குச் சொல்லுதேன், ஒங்க மேல என்ன தப்பு," என்று வேறு சொல்வாள். போனை வைத்தபிறகு இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து. சபை முழுக்க எழுந்து பீடத்தண்டை போனது. இவர் பெஞ்சை விட்டு எழவில்லை. நான் கையைக் கிள்ளினேன். "எந்தக் கைய நீட்டி வாங்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் போய் வாங்கிவிட்டு வந்தேன், எனக்கும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "இங்கன உக்காந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருந்தா அந்தப் பெரியவருக்கு என்ன ஆச்சு? அந்தப் புள்ள தப்பு தன் அப்பன் மேலன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கா. போயிச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க." சட்டையைக்கூட மாற்ற விடாமல் கிளப்பினேன்.

சொன்னார். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவள் அடுப்பங்கரை வாசலில் நின்று, எதையும் மறைக்காமல் சொன்னார். பள்ளத்தைப் பார்த்தது, அது கைத்தடம் என்று தெரிந்தது, தெரிந்தும் அடைத்தது.

முத்துச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். "சொன்னேன்லா அண்ணே? வேற எதையும் தொட வேண்டாம்னு சொன்னேன்லா? எங்கப்பாவுக்கு என்ன வேணும்னு டாக்டரு முடிவு பண்ணுதாரு, சொந்தக்காரங்க முடிவு பண்ணுதாங்க, இப்பம் நீங்களுமா? எங்கப்பா மூளையில இருந்ததெல்லாம் போயிட்டு. மிச்சம் இருந்தது அந்தக் கையில மட்டுந்தான். அதயும் தேச்சு வழிச்சிட்டீங்களே!"

அவள் இன்னும் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாவை ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அடைத்ததைச் சுரண்டி எடுத்துப் பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று இவர் முயன்று பார்க்காமல் இல்லை. வீட்டில் கிடந்த பழைய வளையத்தில் செதுக்கிப் பார்த்தார். செதுக்கியது செதுக்கியது மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு நாள், புட்டியைப் பிசைந்துகொண்டிருந்தவர் அதைத் தன் கைக்குள் வைத்து இறுக்கி, விரித்துப் பார்த்தார். விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. "அவரு கையே பதியட்டும் ஜாய்," என்றார். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

முத்துச்செல்வி முதலில் ஒப்பவில்லை. ஷெட்டு வாசலில் இவர் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னமும் செய்ங்க," என்றாள். வலது பக்கம் தான் ஆசை ஆசையாக ஏற்றிய மெருகைச் சுரண்டி எறிந்தார். அந்த இடத்தில் இளகின புட்டியை வைத்து, கையில் ஒட்டாதபடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவின பாலிதீன் தாளைச் சுற்றினார். இனி அண்ணாச்சி வந்து பிடிக்க வேண்டும், புட்டி இறுகும்வரை விடாமல் பிடிக்க வேண்டும்.

அவரோ வண்டிக்குள் ஏறவே மாட்டேன் என்று நின்றார். "எவன் வண்டியிலயோ நான் ஏன்வே ஏறணும்?"

இவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சவாரிக்கு வந்தவர் மாதிரி முன்னால் போனார். "அண்ணாச்சி, அவசரமாப் பாவூர்சத்திரம் போவணும். பொம்பள ஆளு வேற கூட இருக்கு. இந்த வண்டி டிரைவர் வரல. நீங்க ஆக்டிங் வருதீங்களா?"

சொந்த டிரைவர் இல்லாத நாளில் வேறு ஒருவர் வந்து ஓட்டிக்கொடுப்பதற்கு ஆக்டிங் என்று பெயர். டிரைவர் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தட்ட மாட்டார்கள். அண்ணாச்சியின் முதுகு நிமிர்ந்தது.

"ஓனர்ட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு அண்ணாச்சி."

"ஏறும். ஏ தாயி, நீயும் ஏறு. கதவ நல்லா அடி."

நான் பின்னால் ஏறினேன், இவர் முன்னால். அண்ணாச்சி கண்ணாடியைச் சரிசெய்தார், வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார், வாயாலேயே வண்டியைக் கிளப்பினார். மேலகரம் வந்தது, தென்காசி வந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரனை ஏசினார். தென்காசிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, "கேட்டு அடச்சிட்டான். ரயில் போவட்டும்," என்று பிரேக்கை மிதித்தார். எந்த கேட் என்று நான் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி வராத ரயிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். புட்டி அந்தக் கைக்குள் இறுகிக்கொண்டிருந்தது. ஷெட்டு வாசலில் முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

பிறகு அந்த இடத்துக்கு உப்புத்தாளே போடவில்லை. மேலே கறுப்பு மட்டும் லேசாகப் பூசி விட்டுவிட்டு வந்தார். ஜென்மத்தில் முதல் முறையாக ஒரு வேலையைக் கேட்ட அளவோடு நிறுத்தினார்.

பலித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அண்ணாச்சி காலையில் எழுந்ததும் பழையபடி ஷெட்டுக்குப் போகிறார், ரோட்டுக்குப் போவதில்லை, நிம்மதியாக இட்லி அவிக்கிறேன் என்று முத்துச்செல்வி போனில் சொன்னாள். "அன்னிக்குக் கொஞ்சம் பேசிட்டேன் அண்ணே," என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி டிரைவர் சீட்டில் இருந்தார். கை சரியாக அந்த இடத்தில் இருந்தது. இவரைப் பார்த்ததும், "வாரும், உக்காரும்," என்றார். இவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், நான் ஜன்னலோரம் நின்றேன்.

"வண்டி எப்படி அண்ணாச்சி இருக்கு?"

"நல்ல வண்டிதான். நமக்கு என்ன, ஆக்டிங்தான! ஓனரு வார வரைக்கும் ஓட்டிக் குடுக்கணும்." பெருவிரலை எடுத்துப் பள்ளத்தைக் காட்டினார். "இங்கன பாரும். ஓனரு யாரோ வயசாளி போல. கையி நடுங்கியிருக்கு, தடம் கோணக்கமாணக்கன்னு கெடக்கு. பாவம், இந்த வயசுலயும் வண்டி ஓட்டுதான் மனுசன்."

இவர் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார்.

"என் வண்டியிலயும் உண்டு," என்றார் அண்ணாச்சி. "இதே எடந்தான். நல்லா ஆழமா, அழகா இருக்கும். அது எங்க நிக்கின்னுதான் தெரியல. நீரு ஸ்டியரிங் வேல பாக்கிறவராம்லா? எம்மவ சொன்னா. ஒம்ம கைக்கு வந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லும்வே."

"வந்துது அண்ணாச்சி." இவர் அண்ணாச்சி பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னார். "எங்கைக்கு வந்துது. நாந்தான் அந்தப் பள்ளத்த அடச்சுப்புட்டேன்."

அண்ணாச்சி இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்துவிட்டு இவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போம்வே. தொழில் தெரிஞ்சவன் எவனாவது அதப் போயி அடைப்பானா? நீரு பாத்தது வேற வண்டியா இருக்கும். நல்லாத் தேடும்."